ராயபுரத்திலிருந்து டேபிள் மலைக்கு: நடந்து ஏற விரும்பும் வாசகிக்கு

கேள்வி: ராயபுரத்தில் வசிக்கிறேன், வயது 54. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வேலை பார்க்கும் மகனைக் காண டிசம்பரில் நானும் கணவரும் பத்து நாள் பயணமாகச் செல்கிறோம். அங்குள்ள டேபிள் மலையில் நடந்தே ஏற வேண்டும் என்பது என் ஆசை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படியிறங்கும்போது வலது முழங்கால் லேசாக வலிக்கும். மேடே இல்லாத எங்கள் பகுதியில் எப்படிப் பயிற்சி எடுப்பது? எந்தப் பாதை ஏற்றது? இறங்குவதற்குக் கேபிள் காரை நம்பலாமா? என் கணவர் நடக்க மாட்டார். அவரை மேலே சந்திக்க முடியுமா?

பதில்: ஏறலாம். மருத்துவர் தடை சொல்லாத வரையில், உங்கள் வயதோ லேசான முழங்கால் வலியோ இந்த மலைக்குக் குறுக்கே நிற்காது. ஊரிலிருந்தே நாள் குறித்துக்கொண்டு, அந்த நாளில் ஏறியே தீருவது என்று புறப்படுவதுதான் ஆபத்து. நீங்கள் கேட்காத கேள்வி இது என்றாலும், மற்ற எல்லா விடைகளும் இதைச் சார்ந்தே இருப்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

டேபிள் மலையின் மிக உயர்ந்த இடம் 1,086 மீட்டர், ஏறக்குறைய நம் ஏலகிரியின் உயரம்தான். ஆகவே மூச்சுக்காற்று குறைந்துவிடுமோ, தலைசுற்றுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. அங்கே மலையேறுவோரைத் திணற வைப்பது காற்றின் வேகம். அக்டோபர் முதல் மார்ச் வரை, அதாவது அவர்களுடைய கோடையில், தென்கிழக்குக் காற்று சில சமயம் நாள்கணக்கில் விடாமல் வீசும். ஃபால்ஸ் விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்று மலையின் தென்புறத்தில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து மேகமாகத் திரண்டு, தட்டையான உச்சியைக் கடந்து, நகரத்தை நோக்கிய வடக்கு விளிம்பில் வழிந்து, கீழிறங்க இறங்க வெப்பமடைந்து மறைந்துபோகிறது. அவ்வூரார் மேசைவிரிப்பு என்று அழைக்கும் இந்த மேகம் கீழே நின்று பார்ப்பவருக்கு அழகு; அதற்குள் சிக்கியவருக்கோ சில அடி தள்ளியிருக்கும் பாதைகூடத் தெரியாது. கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் உச்சியில் நடுக்கும் குளிரும் ஈரமும் இருக்கலாம்.

காற்று கூடினால் கேபிள் காரும் நின்றுவிடும். காலையில் ஓடியது மதியம் நிற்பது அங்கே வியப்புக்குரிய செய்தி அல்ல. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் காசிமேட்டில் படகை எடுப்பதா வேண்டாமா என்று யாரும் விவாதம் செய்வதில்லை; கேபிள் கார் நிறுவனம் காற்றை முன்னிட்டுச் சேவையை நிறுத்தியிருப்பதாகத் தன் இணையதளத்தில் அறிவிக்கும் காலையை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் கார் ஓடாத நாளில் நடந்து போகலாமே என்று சிலர் கிளம்புகிறார்கள். அனுபவமில்லாதவர்கள் செய்யக்கூடாத காரியம் அது.

ஆகவே பத்து நாளில் எந்த நாளையும் மலைக்கென்று ஒதுக்காதீர்கள். விமானக் களைப்பு தீர ஓரிரு நாள் விட்டு, அதன்பின் வரும் முதல் தெளிந்த, காற்றில்லாத காலையை மலைக்குக் கொடுங்கள். கடைசி நாள்களுக்குத் தள்ளிப்போட்டால், வானிலை சரியில்லாதபோதும் 'இதை விட்டால் வேறு நாள் இல்லை' என்ற நெருக்கடியில் ஏற நேரிடும். தொடக்க நாள்களில் இன்னொரு வசதியும் உண்டு. கேப் டவுன் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே அதிகாலை 5 மணி என்றால் ராயபுரத்தில் காலை எட்டரை. உங்கள் உடல் தானாகவே விடியுமுன் விழித்துக்கொள்ளும். டிசம்பரில் அங்கே ஐந்தரை மணி அளவில் சூரியன் உதித்துவிடும். இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும்.

இனி பாதை. உங்களுக்கு உரியது பிளாட்டெக்லிப் மலையிடுக்கு வழி ஒன்றே. கேபிள் கார் கீழ்நிலையத்தைக் கடந்து டஃபெல்பெர்க் சாலையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் சென்றால் பாதையின் தொடக்கம் வரும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் 600 முதல் 700 மீட்டர் வரை ஏற வேண்டும்; பெரும்பாலும் சீரற்ற கற்படிகள், வளைந்து வளைந்து செல்லும். பாறையைக் கையால் பற்றித் தொங்கும் இடம் எதுவும் இல்லை, பாதையை விட்டு விலகாத வரை வழிதவறும் வாய்ப்பும் குறைவு. நல்ல உடல்வலு உள்ளவர் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுவார். நீங்கள் மூன்று மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் கார் நிலையத்துக்கு அருகிலேயே தொடங்கும் இந்தியா வென்ஸ்டர் என்ற பாதையை, பெயரைப் பார்த்தோ தொலைவு குறைவு என்று எண்ணியோ தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். அதில் பாறையேற்றம் உண்டு, மீட்புக் குழுவினர் அடிக்கடி செல்ல நேரும் பாதை அது. கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் ஸ்கெலிட்டன் பள்ளத்தாக்கு வழி நிழலும் ஓடையும் நிறைந்தது. காந்தி தம் கையால் தைத்த செருப்பைப் பரிசாகப் பெற்ற, பின்னாளில் தென்னாப்பிரிக்கப் பிரதமரான ஜான் ஸ்மட்ஸ், முதுமையிலும் விரும்பி ஏறிய வழி என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் மர ஏணிகளும் வழுக்கும் ஈரப்பாறைகளும் உள்ள அந்த வழி உங்கள் முழங்காலுக்கு உகந்தது அல்ல.

பிளாட்டெக்லிப்பில் ஒரு நுட்பம் கவனிக்க வேண்டியது. அது வடக்கு நோக்கிய இடுக்கு. நம் நாட்டில் வடக்குச் சரிவு என்றால் வெயில் குறைவு என்று நினைப்போம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 34 பாகையில் உள்ள அந்நகரில், நண்பகல் சூரியன் வடக்கில் நிற்பதால், அந்தச் சரிவுதான் காய்கிறது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் அதிகாலையில் மட்டும் மலையே நிழல் தரும். ஆறு, ஆறரைக்குள் நடக்கத் தொடங்கிவிட்டால் ஏற்றத்தின் பெரும்பகுதியைக் கடும் வெயிலுக்கு முன்பே முடித்துவிடலாம். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அதே பாதை இருமடங்கு நீளமாகத் தெரியும். அந்தச் சரிவில் காற்று வறண்டது. ராயபுரத்தில் போல வியர்வை சட்டையில் ஒட்டாமல் உடனே உலர்ந்துவிடுவதால், உடலில் நீர் குறைவதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அவ்வப்போது குடியுங்கள். வழியில் நம்பத்தக்க குடிநீர் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது கையில் இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு மலை வேண்டும் என்பதில்லை, படி போதும். ஒரு மாடி என்பது ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம். அந்தக் கணக்கில் பிளாட்டெக்லிப் இருநூறுக்கும் மேற்பட்ட மாடிகளுக்குச் சமம். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மேலும் கீழுமாக ஐந்து தடவை ஏறி இறங்குவதில் தொடங்கி, வாரம் மூன்று நாள் என வைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் படிப்படியாக இருபது, இருபத்தைந்து தடவைக்கு உயர்த்தினால் மலைக்குப் போதுமான வலு வந்துவிடும். முழுக் கணக்கையும் ஊரிலேயே தீர்க்க வேண்டியதில்லை. ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே வேகத்துக்கான அளவுகோல். பேச்சு துண்டு துண்டாகிறது என்றால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியுள்ள பாறைகளின்மேல் நடந்து பழகலாமா என்று வடசென்னை அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. கூடாது, அசையும் கற்களும் பாசியும் கணுக்காலை முறித்துவிடும்.

மாதம் ஒரு முறையாவது உண்மையான ஏற்றத்தில் கால் படட்டும். புறநகர் ரயிலில் போய்வரக்கூடிய திருத்தணியில் 365 படிகள் உண்டு. இடைவிடாமல் ஏறி, ஓய்வெடுத்து, மறுபடியும் ஒரு முறை ஏறி இறங்கினால் முழங்கால் எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் கோயில் மலையில் வெறுங்காலோடு ஏறுவோம் ஆகையால், பயணத்துக்கு வாங்கிய காலணியைப் பழக்கப்படுத்த அது உதவாது. அதற்குக் கடற்கரை நிலையத்தில் தாம்பரம் ரயிலேறிப் பரங்கிமலைக்குச் செல்லுங்கள். உயரம் சிறிதுதான் என்றாலும் படிகள் செங்குத்தானவை. அந்தக் குன்றை அடுத்த சமவெளியில்தான் 1802-இல் வில்லியம் லாம்டன் தம் பெரும் நில அளவையின் அடிக்கோட்டை அளந்தார். டேபிள் மலையின் உச்சியில் நீங்கள் காணப்போகும் மக்ளியர் கல்மேடும், 1844-இல், பூமியின் வளைவை அளக்கும் பணிக்காக எழுப்பப்பட்டதே.

முழங்காலைப் பொறுத்தவரை, ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே பயிற்சி அதிகம் தேவை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தசை தளர்ந்தால் பாரம் முழுவதும் மூட்டில் விழும். வீட்டின் கடைசிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மிக மெதுவாகத் தரையில் வைத்து மீண்டும் மேலே எடுக்கும் பயிற்சியை ஒவ்வொரு காலுக்கும் பத்துப் பத்தாகத் தினமும் செய்யுங்கள். வலி கூடிக்கொண்டே போனாலோ, மூட்டு வீங்கினாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளில் சில நீரைப் பிரியச் செய்யும். சில இதயத் துடிப்பு கூடாமல் தடுக்கும். இரண்டுமே வெயிலில் ஏறும்போது கணக்கில் கொள்ள வேண்டியவை என்பதால், பயிற்சியைத் தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு சென்று, மலையேறப்போவதை வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை அன்று மட்டும் விட்டுவிடலாம் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

மலைக்குத் தனியாகச் செல்லக்கூடாது. மகன் கூட வரட்டும். இன்னும் இருவர் சேர்ந்தால் நல்லது. அந்த மலைப்பாதைகளில் வழிப்பறி நடந்திருக்கிறது. ஆள் நடமாட்டம் மிகுந்த நேரத்தில், மிகுந்த பாதையில் செல்வதே பாதுகாப்பு. நகையை வீட்டில் வைத்துவிடுங்கள். நிறுத்திய காரில் பையை விட்டுச் செல்லாதீர்கள். வெயில் எவ்வளவு சுட்டாலும் காற்றைத் தடுக்கும் மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும். ஊன்றுகோல் இரண்டு வைத்துக்கொள்வதை உங்களுக்கு நான் கட்டாயமாகவே சொல்வேன். சேலையையும் தளர்ந்த துப்பட்டாவையும் தவிர்க்கச் சொல்வது அவற்றோடு ஏற முடியாது என்பதால் அல்ல. படி இறங்கும்போது கால் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். நடக்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரமாகியும் பாதித் தொலைவைத் தாண்டவில்லை என்றாலும், மேலே மேகம் இறங்கக் கண்டாலும், அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். அந்த முடிவை எடுக்கும் உரிமை மகனுக்கு உண்டு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் மலையில் வாக்குவாதம் இராது.

இடுக்கு முடிந்து உச்சியில் கால் வைத்ததும் வலப்புறம் திரும்பினால் கால் மணி நேர நடையில் கேபிள் கார் மேல்நிலையம். இடப்புறம் சென்றால் மக்ளியர் கல்மேடு, அதற்குப் போக மட்டும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரமாகும். முழங்கால் வலிக்கத் தொடங்கியிருந்தால் இடப்புறத்தை மறந்துவிடுங்கள், காட்சிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நிலையத்தின் அருகிலிருந்தே டேபிள் விரிகுடாவும், நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் சிறையிருந்த ராபன் தீவும், நகரத்தின் நடுவே ஐந்து முனைகளோடு நிற்கும் டச்சுக் கோட்டையும் தெரியும். நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1652-இல் அங்கே குடியேற்றத்தைத் தொடங்கியது; அங்கே அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் சோழமண்டலக் கரையினரும் இருந்தனர். நீங்கள் ஏறிவந்த பிளாட்டெக்லிப்பின் ஓடையில் அன்று நகரத்தாரின் துணிகளைத் துவைத்தவர்களும் அடிமைப் பெண்களே. ஆங்கிலேயக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்திலிருந்து போகும் உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

இறக்கத்துக்குக் கேபிள் கார்தான் உங்களுக்கு ஏற்றது. 1929 முதல் இயங்கிவரும் சேவை அது. இறங்க மட்டும் ஒருவழிச் சீட்டும் கிடைக்கும். ஆனால் அது காற்றுக்குக் கட்டுப்பட்டது என்பதால், நடந்தே இறங்க நேர்ந்தாலும் சமாளிக்கும் வலுவும் தண்ணீரும் மிச்சம் இருக்கும்படியே ஏற வேண்டும். அப்படி இறங்க நேர்ந்தால் வந்த பிளாட்டெக்லிப் வழியாகவே இறங்குங்கள். உச்சியிலிருந்து பாதைபோலத் தோன்றும் வேறு சில இடுக்குகள் செங்குத்துப் பாறையில் போய் முடிகின்றன. மேகம் சூழ்ந்து பாதை தெரியாவிட்டால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே காற்றுக்கு மறைவாக இருந்து உதவி கேளுங்கள். கைப்பேசியில் 112 அங்கும் அவசர எண்தான்.

உங்கள் கணவர் கேபிள் காரில் மேலே வந்து உங்களைச் சந்திக்கலாம். நீங்கள் கிளம்பும்போதே அவரும் கிளம்பத் தேவையில்லை. நீங்கள் பாதிவழியைத் தாண்டியதும் தொலைபேசியில் சொல்லுங்கள். அதன்பின் அவர் சீட்டு வாங்கினால், நீங்கள் பாதியில் திரும்பினாலும் அவர் மேலே தனியாகக் காத்திருக்க நேராது. அதற்குள் கேபிள் கார் நின்றுவிட்டால், அவர் கீழ்நிலையத்தில் காத்திராமல், பிளாட்டெக்லிப் பாதை சாலையைத் தொடும் இடத்துக்கு வாடகைக் காரோடு வந்துவிட வேண்டும். இறங்கிய காலோடு அந்த ஒன்றரை கிலோமீட்டர் தார்ச்சாலையில் நீங்கள் நடக்க வேண்டியிருக்காது.