சம்புப் பஞ்சு ஜாக்கெட்

வணக்கம் சார்,

லண்டன்ல இருக்குற என் அக்கா ஒரு ஜாக்கெட் பத்தி சொன்னாங்க. உள்ள வாத்து இறகுக்கு பதிலா சம்புன்னு சொல்ற சம்பங்கோரைச் செடியோட பஞ்சாம், விலையும் ஜாஸ்தி. அதை வளர்க்க விவசாய நிலத்துல தண்ணிய விட்டு மூழ்கடிக்கிறாங்களாம். சோறு போடுற நிலத்தை ஒரு ஜாக்கெட்டுக்காக இப்படிப் பண்ணலாமா?

கே., கோவை

அன்புள்ள கே,

நியாயமான கேள்விதான், ஆனா அந்த நிலம் ஆதியிலயே தண்ணி நிலம்ங்க. இங்கிலாந்துல கேம்ப்ரிட்ஜ்ஷயர்ல ஹோம் ஃபென்னு ஒரு இடம் இருக்கு. பக்கத்துல இருந்த பெரிய ஏரிய 1851 வாக்குல பம்ப் வச்சு வடிச்சப்போ ஒரு இரும்புத் தூணை அதோட தலை தரை மட்டத்துக்கு வர்ற வரைக்கும் இறக்கி வச்சாங்க. இன்னைக்கு அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளிய நிக்குது, பக்கத்துல நின்னா அண்ணாந்துதான் பாக்கணும். அவ்வளவு மண்ணு போயிருக்கு.

எங்க போச்சுன்னு கேட்டா, ஒரு பங்கு காத்துல. அந்த மண்ணு பேரு பீட். ஆயிரக்கணக்கான வருஷமா செத்த செடியெல்லாம் தண்ணிக்குள்ள முழுசா மக்காம கிடந்து சேர்ந்தது. தண்ணிய வடிச்சதும் காத்து உள்ள போயி மக்க ஆரம்பிச்சு கார்பன் டை ஆக்சைடா கிளம்பிடுது, மிச்ச மண்ணும் சுருங்கி உக்காந்துடுது. உலக நிலப்பரப்புல பீட் 3 சதவீதம்தான், ஆனா எல்லா காட்டு மரத்துலயும் இருக்குறத விட அதிக கார்பன் அதுக்குள்ள கிடக்கு. நீங்க சொல்ற சோறு போடுற நிலம் வருஷா வருஷம் கரைஞ்சுகிட்டு இருக்கு, இது எனக்கு உண்மையிலயே வயித்தைக் கலக்குற விஷயம்.

திரும்ப தண்ணிய தேக்கி வச்சா கரையறது நிக்கும். சரி, அப்போ விவசாயி எதை வித்து சாப்பிடுவாரு? அதுக்குத்தான் தண்ணிலயே நிக்கிற பயிர் வேணும். இந்த மாதிரி விவசாயத்துக்கு பலூடிகல்ச்சர்னு பேரு, ஜெர்மனில கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்து ஆளுங்க ரொம்ப நாளா இதுல இருக்காங்க. மான்செஸ்டர் பக்கம் லங்காஷயர் வைல்ட்லைஃப் டிரஸ்ட்டுங்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு சம்பு போட்டுப் பாக்குறாங்க, பயோபஃப்னு விக்கிறது சம்புப் பஞ்சுதான், உங்க அக்கா பாத்ததும் அதுவா இருக்கலாம்.

முத்தின சம்புக் கதிரை கையில எடுத்திருக்கீங்களா? வெல்வெட் சுத்தின மாதிரி கெட்டியா இருக்கும், நகத்தால லேசா கீறுங்க, அந்த இடத்துலேருந்து பஞ்சு பொங்கி பொங்கி வந்துகிட்டே இருக்கும், சட்டை, மூக்கு, தலைமுடின்னு ஒட்டிக்கும். ஒரே கதிர்ல லட்சக்கணக்குல விதை, ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா முடி, அந்த முடிக்கு நடுவுல சிக்கின காத்துதான் குளிரைத் தடுக்குது. ரெண்டாம் உலகப்போர்ல ஜாவாலேருந்து இலவம் பஞ்சு வராமப் போனப்போ அமெரிக்காக்காரங்க லைஃப் ஜாக்கெட்டுக்கே இதை அடைச்சாங்க.

குறை இல்லாம இல்ல. தண்ணி தேக்கின நிலத்துலேருந்து மீத்தேன் வாயு வரும், அதுவும் பூமிய சூடாக்கும், ஆனா அது காத்துல கொஞ்ச வருஷம்தான் தங்கும், கார்பன் டை ஆக்சைடு அப்படியில்ல, அதனால நீண்ட நாள் கணக்குல தண்ணி நிக்கிறதுதான் லாபம்.

அக்காகிட்ட இருக்குற ஜாக்கெட் நல்லா இருந்தா அதையே போடச் சொல்லுங்க. புதுசு வாங்கித்தான் ஆகணும்னா, இந்த சம்பு எந்த நிலத்துல வளர்ந்தது, அது முன்னாடி வடிச்சுப் போட்ட பீட் நிலமான்னு கடைக்காரங்ககிட்ட கேட்டுட்டு வாங்கட்டும்.