84 மாத்திரையும் அதற்கு அப்புறமும்

இரண்டு இதழுக்கு முன்னால், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி எனக்கும் இருந்தது, மருந்து சாப்பிட்டுப் போனது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘பெயர் போட வேண்டாம்’ என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கின்றன. போடவில்லை, ஊர் மட்டும்தான். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை. மதுரைப் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் மருந்துச் சன்னலுக்குப் பின்னால் 31 வருஷம் நின்றுவிட்டு, இப்போது செல்லூரில் வீட்டோடு இருக்கும் பார்மசிஸ்ட். டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் பாடு. மாத்திரையை விழுங்கிய பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த சங்கதி.

என் அக்கா 2007-ல் இந்த நோய்க்கு வாராவாரம் ஊசி போட்டு, முடி கொட்டி, ஆளே உருமாறி, பாதியில் நிறுத்திவிட்டார். இப்போது எனக்கும் அதே கிருமி. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை தருகிறோம் என்கிறார்கள். பயத்தில் இரண்டு மாதமாகப் போகாமல் இருக்கிறேன்.
— சமயநல்லூர் வாசகி

உங்கள் அக்கா பட்டதை 2006-ல் நானும் பட்டேன் தங்கச்சி. 1994-ல் என் இரண்டாவது பிரசவத்தின்போது இரத்தம் ஏற்றினார்கள். இந்தக் கிருமிக்காக இரத்த வங்கிகளில் சோதிப்பது நம் நாட்டில் கட்டாயமானது 2001-ல்தான். எனக்கு இருப்பது அந்தப் பிரசவத்துக்குப் பத்து வருஷம் கழித்து, இரத்ததான முகாமில் நல்ல எண்ணத்தோடு கையை நீட்டியபோது தெரிந்தது.

அப்போது இருந்தது இன்டர்ஃபெரான் ஊசி. ஒரு ஊசி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல், எனக்கு 24 ஊசி. வளையல் அடகுக்குப் போனது. ஊசிப் பெட்டியை ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். என் மாமியார் மாவை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் தொடாமல், பாம்பு கிடக்கிற பொந்துக்குள் கை விடுவது மாதிரி எடுப்பார். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுக்கொள்வேன். பத்து மணிக்குக் குளிர் ஆரம்பிக்கும், சித்திரை வெயில் காலத்திலும் இரண்டு போர்வை. ஞாயிறு முழுக்கக் காய்ச்சலும் கை கால் குடைச்சலும். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவேன். கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை. அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். 12 இருந்த ஹீமோகுளோபின் எனக்கு 8.6-க்கு இறங்கி, ஆஸ்பத்திரி மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். முடி கொத்துக் கொத்தாக வந்தது. பூ வைக்கப் பின்னல் இல்லை. இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன், மல்லிகை வாசனையே குமட்டியது. சீரியலுக்கு நடுவில் வரும் சோப்பு விளம்பரத்துக்கெல்லாம் அழுதேன். அந்த ஊசி மனசையும் கெடுக்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்றே நினைத்தேன். இவ்வளவுக்கும் அப்புறம், ஊசி முடிந்த மூன்றாம் மாதம் கிருமி திரும்பி வந்துவிட்டது.

சரி, இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் அக்காவின் ஊசிக்கும் இப்போது தரும் மாத்திரைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இன்டர்ஃபெரான் என்பது நம் உடம்பே சண்டைக்குச் சுரக்கும் பொருள். அதை வெளியிலிருந்து அள்ளிக் கொட்டினால் உடம்பு முழுக்கப் போர்க்களம்தான், காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? இப்போதைய மாத்திரைகள் கிருமி தன்னைப் பிரதி எடுக்கும் இடத்தை மட்டும் அடைக்கின்றன. 2016-ல் நான் சோஃபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் சாப்பிட்டேன். டப்பாவுக்கு 28 வீதம் மூன்று டப்பா, 84 நாள். முதல் பத்து நாள் தலைவலி, சாயங்காலமானால் ஓர் அசதி, லேசான குமட்டல். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. 100 பேர் சாப்பிட்டால் 95 பேருக்கு மேல் கிருமி ஒழிகிறது.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். நாளைக்கே போங்கள். மஞ்சள் காமாலை பி-க்கும், அதாவது ஹெபடைடிஸ் பி கிருமிக்கும், இரத்தம் சோதித்தார்களா என்று கேளுங்கள். பி கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால், சி ஒழியும் நேரத்தில் அது எழுந்துவிடலாம். உங்களுக்கு ரிபாவிரினும் சேர்த்து எழுதினால், அதைச் சாப்பிடும்போதும் முடித்து ஒன்பது மாதம் வரையும் கர்ப்பம் கூடாது. கூச்சப்படாமல் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம். தலைவலி, ராத்திரி இரண்டு மணி வரை தூக்கமில்லை. ‘இங்கிலீஷ் மருந்து சூடு, பத்து நாள் நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி குடி’ என்று பெரியப்பா சொல்கிறார். கடையில் வாங்கிய வலி மாத்திரையும் போடுகிறேன்.
— உசிலம்பட்டி வாசகர்

நிறுத்தாதீர்கள் தம்பி. இந்தக் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது தலைவலி இல்லை, அந்தப் பத்து நாள்தான். இடையில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் அதே மாத்திரை வேலை செய்யாமல் போகலாம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். அடுக்களையில் தினசரி காலண்டர் தொங்கியது. காலையில் இட்லிக்கு முன்னால் மாத்திரை, விழுங்கிய பிறகுதான் முந்தின நாள் தாளைக் கிழிப்பேன். கிழிக்காத தாள் கண்ணில் பட்டால் மறந்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படி மறந்தது ஒரே நாள், சாயங்காலம் பார்த்துப் போட்டுக்கொண்டேன். அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. நீங்கள் ராத்திரியில் சாப்பிடுகிறீர்கள் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அதிலேயே தூக்கம் வந்துவிடுகிறது. நாலு மணிக்கு மேல் டீயை விடுங்கள். காலைக் காபியை விடவேண்டாம், கல்லீரலுக்குக் காபி நல்லது என்றுதான் ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

தண்ணீரைக் கணக்காகக் குடியுங்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதித் தலைவலி உங்கள் ஊர் வெயிலாகவும் இருக்கும். அந்த வலி மாத்திரையின் அட்டையில் டைக்ளோஃபெனாக் என்றோ இபுப்ரொஃபென் என்றோ இருந்தால் தூரப் போடுங்கள், கெட்ட கல்லீரலோடு அவை சேராது. பாராசிட்டமால் 500 போடலாம், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் போகாமல்.

பெரியப்பாவிடம் சண்டைக்குப் போகவேண்டாம். கீழாநெல்லிக்கு நம் பக்கம் பெரிய பேர். சாதாரணமாக வரும் காமாலை பெரும்பாலும் தண்ணீர், சாப்பாடு வழியாக வருவது. அது தானாகவே இறங்கிவிடும், பேர் பச்சிலைக்குப் போகும். உங்களுக்கு இருப்பது தானாகப் போகாமல் வருஷக்கணக்கில் தங்கும் வகை. இந்த 84 நாளைக்காவது எந்தக் கஷாயமும் பொடியும் வேண்டாம். பொடியில் என்ன அரைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, சில பொடிகளே கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன.

கண் மஞ்சளானாலோ, மலம் தார் மாதிரி கறுத்தாலோ, வயிறு வீங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நாடி மெதுவாகித் தலை சுற்றி விழுந்தாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, பத்து வருஷமாக மாத்திரை. இந்த மருந்து தொடங்கிய ஒன்றரை மாதத்தில் காலை பதினோரு மணிக்கு வயலில் கை நடுங்கி, குப்பென்று வேர்க்கிறது. சோதித்ததில் சர்க்கரை 58. ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அவராகவே நிறுத்தப் பார்க்கிறார்.
— மேலூர் வாசகி

அம்மா, உங்கள் வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது பெரிய விஷயம். ஒத்துக்கொள்ளாமல் வந்த நடுக்கம் இல்லை இது, மருந்து வேலை செய்வதால் வந்ததாக இருக்கலாம். இந்தக் கிருமி உடம்பில் இருக்கும்வரை இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, சர்க்கரையும் ஏறி நிற்கும். கிருமி இறங்க இறங்க சர்க்கரையும் இறங்கும். அதற்குத் தக்கபடி பழைய சர்க்கரை மாத்திரையை யாரும் குறைக்கவில்லை. கிளைமிபிரைடு மாதிரி மாத்திரையிலும் இன்சுலினிலும் இப்படி நடக்கும்.

எனவே குறைக்க வேண்டியது சர்க்கரை மாத்திரையை, அதுவும் டாக்டரைப் பார்த்து, இந்த வாரமே. அதுவரை காலையும் பதினோரு மணிக்கும் சோதித்து நோட்டில் எழுதி வையுங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். அவர் வேட்டி மடிப்பில் கடலை மிட்டாய் வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடலையில் எண்ணெய், சர்க்கரை மெதுவாகத்தான் இரத்தத்துக்குப் போகும். குளுக்கோஸ் பொட்டலம் நல்லது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு வரப்புக்குப் போவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வாயுத் தொல்லைக்குத் தினமும் காலை ஒரு கேப்ஸ்யூல் போடுவது பழக்கம். அதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?
— திருமங்கலம் வாசகர்

கட்டாயம். உங்கள் மாத்திரையில் வெல்படாஸ்விர் என்ற மருந்து இருந்தால் அது உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற கேப்ஸ்யூல்கள் அமிலத்தை அடைத்துவிடும், விழுங்கிய மருந்தில் பாதி வரை வீணாகலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், டிபிக்கான ரிஃபாம்பிசின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் இதைவிட மோசம். மருந்துச் சன்னலில் நான் பார்த்தது, ‘வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா’ என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். ‘கேஸுக்கு, வலிக்கு, தூக்கத்துக்கு, நாட்டு மருந்து?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் மடியிலிருந்து நாலு அட்டை வெளியே வரும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டிவிடுங்கள்.

மருந்து முடித்தேன். கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகிற மெடிக்கலில் குடும்பமாகச் சோதித்தோம், எனக்கு மறுபடி ‘பாசிட்டிவ்’. மருமகள் என் தட்டைத் தனியாக வைக்கிறாள்.
— வாடிப்பட்டி வாசகி

அம்மை போட்டு இறங்கியவர் முகத்தில் தழும்பு இருக்கும். தழும்பு இருக்கிறவருக்கெல்லாம் அம்மை இருக்கிறது என்பீர்களா? அந்த மெடிக்கலில் பார்த்தது தழும்பை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியை. அது பெரும்பாலும் சாகும்வரை பாசிட்டிவாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது. கிருமி இருக்கிறதா என்று சொல்வது வைரல் லோடு என்ற வேறு சோதனை. கடைசி மாத்திரை போட்டு 12 வாரம் கழித்து எடுத்த அந்தச் சோதனையில் கிருமி இல்லை என்றால் குணமாகிவிட்டது. அந்த ரிப்போர்ட்டை நாலு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். நான் ஒன்றை ரேஷன் கார்டு பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஆனால் இரத்ததானம் மட்டும் இனி கிடையாது.

மருமகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கிருமி இருந்த காலத்திலேயே தட்டு, டம்ளர், ஒரே பாயில் படுப்பது, பேரப்பிள்ளைக்கு முத்தம், எதிலும் இது பரவாது. இரத்தத்தோடு இரத்தம் சேர்ந்தால்தான். பிளேடும் டூத் பிரஷ்ஷும் தனி என்பது எல்லா வீட்டுக்கும் பொது விதி. குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம், தடுப்பூசி இதற்கு இல்லை. அதனால் உங்கள் வீட்டுக்காரர் சலூனில் புது பிளேடு கேட்டு வாங்கட்டும்.

சிகிச்சை முடிந்து எட்டு மாதம். கிருமி இல்லை. ஆனாலும் அசதி போகவில்லை. மாத்திரையின் விளைவு இன்னும் உள்ளே இருக்கிறதா?
— அவனியாபுரம் வாசகர்

மாத்திரை சில நாளில் வெளியேறிவிடும். எட்டு மாதத்துக்கு அதன்மேல் பழி போட முடியாது. கிருமி போன பிறகும் சிலருக்கு அசதி கொஞ்ச காலம் இழுக்கிறது, உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஊசிக்கு அப்புறம் எனக்கு இரண்டு வருஷம் அசதி, உடம்பு பெருத்தது, குரல் கட்டியது. ‘காமாலை வந்த உடம்பு, அப்படித்தான்’ என்று ஓர் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் தைராய்டு. இன்டர்ஃபெரான் அதைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. இன்றைக்கும் காலையில் 75 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை விழுங்குகிறேன். நீங்கள் ஊசி போடவில்லை, இருந்தாலும் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் ரிப்போர்ட்டில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிவிட்டது என்று எழுதியிருக்கிறது. கிருமி போய்விட்டது என்று ஸ்கேனை விட்டுவிடக் கூடாது. தழும்பான கல்லீரலில் பின்னாளில் கட்டி வரலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் வேண்டும். தேதி நினைவில் நிற்காது என்பதால் நான் இப்படி வைத்திருக்கிறேன். அழகர் மலைக்குத் திரும்பியதும் ஒன்று, தீபாவளிப் பலகாரம் தீர்ந்ததும் ஒன்று.

அடுத்த மாதம் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. கிருமிதான் போய்விட்டதே, மச்சான் ஊற்றினால் ஒரு கிளாஸ்?
— செக்கானூரணி வாசகர்

கறியை நன்றாகச் சாப்பிடுங்கள், கல்லீரலுக்குப் புரதம் வேண்டும். கிளாஸ் வேண்டாம். ஒன்றுகூட. மச்சான் வற்புறுத்தினால், ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் படிக்கச் சொல்லுங்கள்.