குதிரை மாற்றிய ஊர்கள்: கேள்வி பதில்

ஜப்பானில் எடோ காலத்து (1603–1868) நெடுஞ்சாலைகளில் இருந்த ஷுகுபா ஊர்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கவிதா: ஷுகுபா என்றால் வழிப்போக்கர் விடுதிதானே?

விடுதியும் அங்கே உண்டு. ஆனால் அந்த ஊர்களை ஏற்படுத்தியது வேறு வேலைக்காக. 1601-இல், பின்னர் ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) ஆன தொகுகவா இயேயாசு, எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த டோக்காய்டோ சாலையின் ஊர்கள் ஒவ்வொன்றும் 36 குதிரைகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பிறகு அது 100 ஆள், 100 குதிரை என்று ஏறியது. மலைவழியான நக்காசெண்டோ சாலையில் 50 ஆள், 50 குதிரை. அரசாங்கச் சரக்கு வந்ததும் மூட்டையை இறக்கி, அந்த ஊர்க் குதிரையில் ஏற்றி, அடுத்த ஊர்வரை கொண்டுபோய்விட வேண்டும்.

இந்த வேலை நடந்த இடம் டோயாபா. ஓவியர் ஹிரோஷிகே வரைந்த ஃபுஜியேடா ஊர்க் காட்சியைப் பாருங்கள். உயரமான திண்ணையில் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே வந்து சேர்ந்த சுமைகாரர் வியர்வையைத் துடைக்கிறார், பக்கத்திலேயே மூட்டைகள் கைமாறுகின்றன. ஒரு குதிரையின் முழுச்சுமை 40 கான், அதாவது சுமார் 150 கிலோ. விடுதியை வைத்து ஷுகுபாவை எடைபோடாதீர்கள். இதை இன்னும் சில முறை சொல்ல வேண்டிவரும் என்று தெரியும்.

பாலா: டோக்காய்டோவில் 53 ஊர்களா, 57-ஆ?

எடோவிலிருந்து கியோட்டோ வரை 53. கியோட்டோவுக்கு முந்தைய கடைசி ஊரான ஓட்சுவைத் தாண்டி ஒசாகா பக்கம் போனால் ஃபுஷிமி, யோதோ, ஹிரகட்டா, மொரிகுச்சி நான்கும் சேர்ந்து 57. எங்கே முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நித்யா: 53 சரியா, 57 சரியா?

மேலே பாலாவுக்குச் சொன்னதுதான்.

சரவணன்: 1635 முதல் டைம்யோ பிரபுக்கள் பெரும் பரிவாரத்தோடு எடோவுக்குப் போய்வந்தே ஆக வேண்டும் என்று சட்டம். அப்படியானால் இந்த ஊர்க்காரர்கள் பணத்தில் புரண்டிருப்பார்களே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிரபு தங்கியது ஹொன்ஜின் என்ற பெரிய வீட்டில். அதை நடத்தியவருக்குக் குடும்பப்பெயரும் வாளும் வைத்துக்கொள்ளும் கௌரவம் கிடைத்தது. ஆனால் காலி அறை இருந்தாலும் சாதாரணப் பயணிக்குக் கொடுக்க முடியாது. பிரபுக்கள் கடனாளியாகிச் செலவைச் சுருக்கியபோது ஹொன்ஜின் குடும்பங்கள் பலவும் கடனில் விழுந்தன. சுமைக்கூலியைப் பாருங்கள். ஷோகுன் அரசின் அனுமதிச்சீட்டு இருந்தால் இலவசம், பிரபுக்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்த கூலி. பேரம் பேசி முழுக்கூலி கொடுத்தவர்கள் மற்றவர்கள்தான்.

சரவணன் மறுபடியும்: நிலவரி விலக்கு இருந்ததே? சாதாரணப் பயணிகள் தங்கிய ஹட்டாகோ விடுதிகள் சம்பாதித்தனவே?

இருந்தது, சம்பாதித்தன. யார் கைக்குப் போனது என்று கேளுங்கள். ஊரின் குதிரை போதாதபோது சுற்றுக் கிராமங்கள் ஆளும் குதிரையும் அனுப்ப வேண்டும். சுகெகோ என்ற இந்தக் கடமையை 1694-இல் அரசு முறைப்படுத்தியது. நடவு நாளானாலும் அறுவடை நாளானாலும் அழைப்பு வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். போய்வர ஆகும் நேரத்துக்குக் கூலி கிடையாது. இயேயாசுவின் 150-ஆம் நினைவுநாள், அவர் சமாதி இருக்கும் நிக்கோ என்ற ஊரில் வரவிருந்த வேளையில், நக்காசெண்டோ ஓரத்துக் கிராமங்கள் மேல் கூடுதல் சுமை விதிக்கப் பார்த்தார்கள். 1764–65 குளிர்காலத்தில் விவசாயிகள் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். அரசு பின்வாங்கியது. வளமான சாலையில் இப்படி ஒரு கிளர்ச்சி ஏன் வெடிக்கிறது?

மணிமேகலை: சரவணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊர்களில் கடைத்தெரு செழித்ததே?

செழித்தது, மறுக்கவில்லை. அந்தச் செழிப்பில் ஒரு பங்கு ‘மெஷிமோரி’ பெண்களிடமிருந்து வந்தது. பெயருக்குச் சோறு பரிமாறுபவர்கள். உண்மையில் முன்பணத்துக்கு அடகுபோன ஏழை வீட்டுப் பெண்கள், விடுதிகள் அவர்களைப் பாலியல் தொழிலில் தள்ளின. 1718-இல் அரசு விடுதிக்கு இரண்டு பேர் என்று வரம்பு வைத்ததே தவிர, நிறுத்தவில்லை. ஊர் போக்குவரத்துக் கடமையைத் தாங்க அந்த வருமானம் தேவைப்பட்டது. விடுதியை மட்டும் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஜோசப்: டோக்காய்டோவின் குறுக்கே ஓடும் ஓயி ஆற்றில் பாலம் கட்டாதது ஏன்?

பாதுகாப்புக்காக என்பது வழக்கமான விளக்கம். ஆளைத் தோளில் சுமந்து கடத்தினார்கள், நீர்மட்டம் ஏற ஏறக் கூலியும் ஏறும். சுமார் 136 செ.மீ. தாண்டினால் ஆறு மூடப்படும். இரு கரைகளிலும் உள்ள ஷிமாடா, கனாயா ஊர்களில் பயணிகள் நாட்கணக்கில் காத்துக் கிடப்பார்கள்.

ரேவதி: விடுதிகளில் சாப்பாடு உண்டா?

ஹட்டாகோவில் இரவும் காலையும். கிச்சின்-யாடோ என்ற மலிவு விடுதியில் விறகுக்குக் காசு கொடுத்து நீங்களே சமைக்க வேண்டும்.

தினேஷ்: இந்த ஏற்பாடு எப்போது முடிந்தது?

1872-க்குள், ஷோகுன் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு நீக்கிவிட்டது. 1889-இல் டோக்காய்டோ ரயில் பாதை முழுமையானது.

அனிதா, ஃபரூக், இன்னும் பலர்: எந்த ஊரைப் பார்க்கலாம்?

ஒரே பதில். தெரு வேண்டுமானால் நக்காசெண்டோவின் ட்சுமாகோ. ரயில் வேறு பக்கம் போனதால் அப்படியே நின்றுபோன ஊர். 1968-இல் பாதுகாப்பு வேலை தொடங்கியது. விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே என்று 1971-இல் ஊர்க்காரர்களே உறுதிமொழி எடுத்தார்கள். அந்த வீடுகளில் குடும்பங்கள் இருக்கின்றன, கதவிடுக்கில் எட்டிப் பார்க்காதீர்கள். பழைய ஹொன்ஜின் கட்டடமே வேண்டுமானால் குசாட்சு அல்லது ஃபுத்தகாவா. டிக்கெட், அறை வாடகை விவரங்களை அந்தந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள்.