ஒரு விளையாட்டு வீரர் மீது உங்களுக்குத் தீராத எரிச்சல் வந்ததுண்டா? ஏன்?

உண்டு. ஏழு வருடம் வந்தது. ஆளின் பெயர் பேரி ஜீட்டோ. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் இடது கைப் பந்து வீச்சாளர். இங்கே பலருக்கு இந்த ஆட்டமே புதிதாக இருக்கும் என்பதால், கொஞ்சம் விளக்கிவிட்டுப் புலம்புகிறேன்.

வேலை நிமித்தம் சான் ஹோசே பக்கம் குடியேறினேன். கிரிக்கெட் இல்லாமல் மாலைப் பொழுதுகள் வெறிச்சோடிக் கிடந்தன. அலுவலக நண்பர் ஒருவர் ரயிலில் கூட்டிப் போய் ஜயன்ட்ஸ் ஆட்டம் ஒன்றைக் காட்டினார். விரிகுடாவை ஒட்டிய மைதானம், பூண்டு போட்ட உருளைக்கிழங்கு வறுவல், ஏப்ரலிலும் ஸ்வெட்டர் கேட்கும் கடல் காற்று. அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்கி வீச ஒவ்வோர் அணியும் ஐந்து பேரை முறை வைத்து ஓட்டும். ஒருவர் இன்று வீசினால் அடுத்த நான்கு நாள் அவருக்கு ஓய்வு. கிரிக்கெட்டில் ஒரு பவுலருக்கு அடி விழுந்தால் கேப்டன் இரண்டு ஓவரில் அவரை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பார்ப்பார். இங்கே அப்படி முடியாது. தொடங்குகிறவர் ஐந்தாறு இன்னிங்ஸாவது தாங்க வேண்டும்; தொண்ணூறு, நூறு பந்து. அவர் மூன்றாவது இன்னிங்ஸில் கவிழ்ந்தால் அன்றைய ஆட்டம் பெரும்பாலும் கவிழ்ந்தது, மிச்சம் இருக்கும் பந்து வீச்சாளர்களின் கைகளும் வீணாகத் தேயும்.

என் எரிச்சலின் வேர் அந்த முறைதான். வெறுமனே மோசமாக ஆடுகிறவரை மன்னித்துவிடலாம். ஆனால் நாட்காட்டியைப் பார்த்து, வியாழக்கிழமை தோற்போம் என்று ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தால் எப்படி இருக்கும்? ஐந்து நாளைக்கு ஒரு முறை அமாவாசை வந்தது எங்களுக்கு.

இத்தனைக்கும் ஜீட்டோ சாதாரண ஆள் இல்லை. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், ஓக்லண்ட் அணியில் 2002இல் 23 வெற்றி, 5 தோல்வி. அந்த ஆண்டின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதும் வாங்கினார். அவருடைய கர்வ்பால் பார்க்கப் பார்க்க அலுக்காது. பேட்டரின் தலைக்கு மேலே மிதந்து வந்து, கூரையிலிருந்து பூனை குதிப்பது போல முழங்காலுக்கு இறங்கும். 2006 டிசம்பரில் ஜயன்ட்ஸ் அவருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. தொகை 12 கோடியே 60 லட்சம் டாலர். அதுவரை எந்தப் பந்து வீச்சாளரும் வாங்காத தொகை. வயது 28, காயம் என்று உட்கார்ந்ததே இல்லை, பார்க்கவும் நன்றாக இருப்பார், கிடார் வாசிப்பார். அணியின் நட்சத்திர பேட்டர் பேரி பாண்ட்ஸின் காலம் முடியும் தறுவாயில் அணிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, சரி. ஆனால் விருது வாங்கிய பிறகான நான்கு ஆண்டுகளில் எண்கள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை ரசிகர்களே பார்த்தோம். பணம் கொடுக்கிறவர்கள் பார்க்கவில்லையா என்பது எங்கள் முதல் கேள்வி.

2007இல் 11 வெற்றி, 13 தோல்வி. அடுத்த ஆண்டு ஏப்ரல் முடிவதற்குள் ஆறு தோல்வி, வெற்றி பூஜ்யம். ஈ.ஆர்.ஏ. 7.53. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு அது. நான்கு என்றால் சுமார், ஐந்தைத் தாண்டினால் கவலை, ஏழுக்கு மேல் என்றால் வீட்டில் பேச மாட்டார்கள். அவரைத் தொடக்க வரிசையிலிருந்து எடுத்து, இடையில் வந்து வீசுகிறவர்களின் கூடாரமான புல்பென்னுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் தொடக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். அவ்வளவு சம்பளம் வாங்குகிற ஆளை எத்தனை நாள் பெஞ்சில் வைத்திருக்க முடியும்?

மைதானத்தில் எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர் உட்காருவார். மடியில் ஸ்கோர் புத்தகம், காதில் பென்சில். ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொள்வார். ஒரு நாள் ஜீட்டோ முதல் பேட்டருக்கு நான்கு பந்தும் வெளியே போட்டு, வாக் கொடுத்து, சும்மா முதல் தளத்துக்கு அனுப்பினார். பெரியவர் குறித்துக்கொண்டார். அடுத்தவருக்கும் வாக். குறித்துக்கொண்டார். மூன்றாமவர் அடித்த பந்து இடது பக்கச் சுவரில் மோதியபோது, மைதானமே ஊளையிட்டது. பெரியவர் பென்சிலைக் காதில் செருகினார், புத்தகத்தை மூடினார், என் பக்கம் திரும்பி, “வறுவல் வாங்கப் போகிறேன், உனக்கும் வேண்டுமா?” என்றார். நாற்பது வருட ரசிகர் அவர். அத்தனை பேர் போட்ட கூச்சலைவிட அந்தப் புத்தகம் மூடிய விதம்தான் எனக்கு அதிகம் வலித்தது.

என்னதான் கோளாறு? வேகம் போய்விட்டது. நேர்ப்பந்து மணிக்கு 85 மைல் அளவுக்கு இறங்கியிருந்தது. மற்றவர்கள் 92, 93 வீசும் காலம். வேகப்பந்தின் பயம் இருந்தால்தான் கர்வ்பாலுக்கு பேட்டர் ஏமாறுவார். பயம் இல்லையென்றால் கர்வ்பாலைத் தொடாமல் விட்டுவிட்டு, அது பாதி நேரம் வெளியே போவதை வேடிக்கை பார்ப்பார். பிறகு வேறு வழியில்லாமல் நடுவில் வந்து விழும் அந்த 85 மைல் பந்துக்காகக் காத்திருப்பார். 2008இல் 102 வாக் கொடுத்தார் ஜீட்டோ. 17 தோல்வி.

அந்த ஆண்டுதான் என் மனைவி ஒரு கணக்குப் போட்டாள். அவளுக்கு ஆட்டத்தில் ஆர்வம் இல்லை, கணக்கில் உண்டு. “இவருக்கு இந்த வருடம் எவ்வளவு?” ஒரு கோடியே 45 லட்சம் டாலர். “எத்தனை ஆட்டம்?” 32. “அப்படியென்றால் ஒரு ஆட்டத்துக்கு நாலரை லட்சம். அதோ, அந்தத் தலைமுடிக்காரப் பையனுக்கு?” அவள் கேட்டது டிம் லின்ஸெகம் பற்றி. அதே அணி, அந்த ஆண்டு சை யங் விருது வாங்கிய இளைஞன், 18 வெற்றி, 5 தோல்வி. அவனுடைய முழு ஆண்டுச் சம்பளம் 4 லட்சத்து 5 ஆயிரம் டாலர். ஜீட்டோ ஒரு மாலையில் தோற்றுக் கொடுத்ததற்கு வாங்கியதைவிடக் குறைவு. வந்த புதிதில் சில ஆண்டுகள் அணி கொடுப்பதுதான் சம்பளம் என்பது அங்கே விதி. விதி தெரியும், வயிறு எரிந்தது எரிந்ததுதான்.

இன்னொரு விதியும் உண்டு. பேஸ்பாலில் ஒப்பந்தம் என்றால் கல்வெட்டு. அமெரிக்கக் கால்பந்தில் ஆள் சரியில்லை என்றால் ஒப்பந்தத்தின் பெரும்பகுதியைப் பாதியிலேயே வெட்டிவிட்டு அனுப்பலாம். பேஸ்பாலில் வீரரை வீட்டுக்கு அனுப்பினாலும் மிச்சப் பணம் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். எப்படியும் கொடுக்கிற பணம், ஆளை ஆடவாவது வைப்போம் என்று நிர்வாகம் நினைக்கும். ஆக, ஆட்டம் சரியில்லாவிட்டாலும் அவர் ஆடுவதற்கு அந்தச் சம்பளமே காரணமாகிவிடுகிறது. இதில் அவர் செய்த தப்பு என்ன? நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நானாக இருந்தால் பேனாவைத் தேடும் நேரத்தைக்கூட வீணாக்கியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009இல் அவர் ஈ.ஆர்.ஏ. 4.03, அதற்கடுத்த ஆண்டு 4.15. இதே எண்களோடு ஐந்தாமிடத்து ஆள் ஒருவர் 20 லட்சம் டாலர் வாங்கியிருந்தால், ‘பரவாயில்லை, தள்ளுகிறார்’ என்று சொல்லியிருப்போம். ஜீட்டோவின் சம்பளம் அப்போது ஒரு கோடியே 85 லட்சம்.

கோபப்பட வாகாகவும் இல்லை அந்த மனிதர். தோற்ற பிறகு செய்தியாளர்கள் முன்னால் வந்து நிற்பார், பழியை அடுத்தவர் தலையில் கட்ட மாட்டார். காயம்பட்ட ராணுவ வீரர்களுக்காக ஓர் அறக்கட்டளை வேறு தொடங்கியிருந்தார். திட்ட வாயெடுத்தால் இதெல்லாம் நினைவுக்கு வந்து தொலைக்கும்.

2010 அக்டோபர் 2. ஒரே ஒரு வெற்றி வந்தால் பிரிவில் முதலிடம். ஜீட்டோவின் முறை. முதல் இன்னிங்ஸிலேயே மூன்று தளங்களும் நிரம்பி நிற்க, அடுத்தடுத்து வாக் கொடுத்து, நின்றவர்களை ஒவ்வொரு தளமாகத் தள்ளி, இரண்டு ரன்னைத் தானம் செய்தார். தோல்வி. மறுநாள் வேறொருவர் வீசி ஜெயித்தோம். அதன்பின் நாக்அவுட் சுற்றுகளுக்கான பட்டியலில் அவர் பெயரே இல்லை. அணியிலேயே அதிகச் சம்பளக்காரர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, அணி பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. சான் பிரான்சிஸ்கோவுக்கு 1958இல் வந்த பிறகு அதுதான் முதல் கோப்பை. அந்தத் தொடரில் தன் அணி தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் விரும்பியதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். அதைப் படித்தபோது கோபம் வரவில்லை, ஒரு நிம்மதிதான் வந்தது. பரவாயில்லை, இவருக்கும் நம்மைப் போல அற்பப் புத்தி இருந்திருக்கிறது.

இனி 2012. ஆகஸ்ட் தொடக்கத்துக்குப் பிறகு அவர் தொடங்கிய ஆட்டம் எதிலும் அணி தோற்கவில்லை. நாங்கள் யாரும் நம்பவில்லை. மற்றவர்கள் அடித்த ரன்னால் என்று விளக்கம் வைத்திருந்தோம். அக்டோபர் 19, செயின்ட் லூயிஸில் அரையிறுதி போன்ற தொடரின் ஐந்தாவது ஆட்டம். ஏற்கெனவே 3-1 என்று பின்தங்கி, தோற்றால் வீடு. வீசுகிறவர் ஜீட்டோ. ட்விட்டரில் ‘ராலி ஜீட்டோ’ என்று ரசிகர்கள் பாதி வேண்டுதலும் பாதி கேலியுமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இரண்டாவது இன்னிங்ஸில் இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆள், ஒருவரும் அவுட் இல்லை என்று கூடத்திலிருந்து மகன் கத்தினான். ‘சரி, முடிந்தது’ என்று குழாயைத் திறந்தேன். சற்று நேரத்தில், “ரன் போகவில்லை அப்பா!” கை துடைக்காமலே வந்து நின்றேன். அதே 85 மைல்தான். ஆனால் பந்து ஓரங்களை நூல் பிடித்தது போலத் தொட்டுக்கொண்டு போனது. பேட்டர்கள் சீக்கிரமாகவும் தாமதமாகவும் மாறி மாறிச் சுற்றினார்கள். நான்காவது இன்னிங்ஸில் அவரே மட்டை பிடித்து, மூன்றாம் தளப் பக்கம் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். தடுப்பவர்கள் எதிர்பார்க்கவே இல்லை; ஒரு ரன் வந்தது. எட்டாவது இன்னிங்ஸ் பாதிக்கு மேல் வரை வீசி, ரன் ஒன்றுகூடக் கொடுக்காமல் இறங்கினார். 5-0. ஈரக் கையோடு ஆறு இன்னிங்ஸ் நின்றிருக்கிறேன். சட்டையெல்லாம் சோப்பு.

அடுத்த இரண்டு ஆட்டமும் ஜெயித்து உலகத் தொடருக்குப் போனார்கள். அங்கே முதல் ஆட்டத்தில் எதிரணியில் ஜஸ்டின் வெர்லாண்டர், அப்போது உலகமே பயந்த பந்து வீச்சாளர். ஜீட்டோ ஜெயித்தார். வெர்லாண்டரின் பந்தில் ஒரு ரன்னும் அடித்தார். நான்கே ஆட்டத்தில் கோப்பை.

அவ்வளவு நாள் திட்டியதற்கு வெட்கப்பட்டேனா? ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டேன். 2013இல் 5 வெற்றி, 11 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.74. ஜூனிலேயே வெட்கம் தீர்ந்துவிட்டது.

பருவத்தின் கடைசி நாள், ஒரே ஒரு பேட்டருக்காக அவரை உள்ளே அனுப்பினார்கள். எதிரே ஓக்லண்டில் கூட ஆடிய பழைய நண்பர் மார்க் காட்ஸே, அவர் ஆட்ட வாழ்க்கையின் கடைசி நாளும் அதுதான். ஜீட்டோ அவரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்தேன். முன் வரிசைப் பெரியவர் புத்தகத்தை மடியில் திறந்தபடியே வைத்துக்கொண்டு கைதட்டினார்.

ஒப்பந்தத்தில் எட்டாவது ஆண்டுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. அது வேண்டாம் என்று சொல்வதற்காகவே அணி அவருக்கு 70 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தது. செய்தி வந்த இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன், ஆடாமல் இருக்க 70 லட்சம், அதாவது லின்ஸெகமின் அந்தப் பழைய சம்பளத்தைப் போலப் பதினேழு மடங்கு என்று.

“நீங்கள் இன்னும் அதை விடவில்லையா?” என்றாள்.