கராஜ் பட்டறையில் விறகடுப்பு வைக்கலாமா?

கராஜைப் பட்டறையாக மாற்றி, குளிருக்கு இரும்பு விறகடுப்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் அங்கே வண்டியும் பெட்ரோலும் இருக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்புவரை போய்ப் பற்றிக்கொள்ளும். கேன் மூலையில்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பெயின்ட்டில் கலக்கும் தின்னரும் அப்படித்தான். வண்டி நிறுத்தும் கராஜில் விறகடுப்புக்குப் பல இடங்களில் தடையே உண்டு. அதனால் தீயணைப்புத் துறையிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முதலில் கேளுங்கள்.

அப்புறம் மரத்தூள். காற்றில் அடர்ந்து பறக்கும் நுண்தூள் வெடிக்கக்கூட செய்யும். ரம்பம் ஓடும் நேரத்தில் அடுப்பு எரிய வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: தூசியை வெளியே தள்ளும் மின்விசிறி அறைக் காற்றை இழுத்துக்கொண்டால், புகைக்குழாயில் போக வேண்டிய புகை உள்ளே திரும்பும். அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரும், அதற்கு வாசனை கிடையாது. அதைக் கண்டறியும் அலாரம் கட்டாயம் மாட்டுங்கள்.

அடுப்புக்கும் சுவருக்கும் இடைவெளி கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாத பழைய அடுப்பென்றால் எரியக்கூடிய எதுவும் 36 அங்குலத்துக்குள் வேண்டாம்.

விறகு நன்றாகக் காய்ந்திருக்கட்டும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே. இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது பொத்தென்று கேட்கும். ஈர விறகின் புகை குழாய்க்குள் தாராகப் படிந்து, ஒருநாள் அங்கேயே தீப்பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது குழாயைச் சுத்தம் செய்யுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள், கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.