ஸ்டூடியோக்காரர் பதில்கள்

கேள்வி: அடுத்த மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். குடும்பத்தில் 18 பேர். அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த படத்தில் எல்லோரும் விறைத்துப்போய் நிற்கிறோம். இந்த முறையாவது இயல்பாக அமைய வழி உண்டா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: படம் எடுப்பவர் "இயல்பாக இருங்கள்" என்று சொன்னால், அவரைக் காபி குடிக்க அனுப்பிவிடுங்கள். அதைக் கேட்ட நொடியிலேயே தன் இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று மனிதனுக்குத் தெரியாமல் போய்விடும்.

விறைப்பு முகத்தில் தொடங்குவதில்லை, அம்மா. காலிலும் கையிலும் தொடங்குகிறது. இரண்டு கால்களிலும் சமமாக ஊன்றி நின்றால் தோள் தானாக ஏறிக்கொள்ளும். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, உடம்பைச் சற்றே திருப்பி, முகத்தை மட்டும் கேமராவுக்குக் காட்டச் சொல்லுங்கள். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். அப்பாவின் நாற்காலி முதுகைப் பிடிக்கலாம், பேரனின் தோளில் வைக்கலாம், அத்தையின் கையைக் கோத்துக்கொள்ளலாம். நம் ஆண்கள் இரு கைகளையும் முன்னால் பிணைத்துக்கொண்டு நிற்பார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், சதாபிஷேகத்தில் வேண்டாம்.

உயர வரிசையும் வேண்டாம். அப்பா, அம்மாவை நடுவில் உட்காரவைத்து, பிள்ளைகள் குடும்பங்களை அவரவர் கூட்டமாக நெருங்கி நிற்கவையுங்கள். சிறுசுகளுக்கு முன்னால் ஜமக்காளம். தலைகள் ஒரே மட்டத்தில் வராதவரை நல்லது. இன்னொன்று: யார் யாருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதைப் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே காதில் போட்டுவிடுங்கள். அவர்களை ஒட்டி நிறுத்திவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் காப்பாற்றாது.

சடங்கு முடிந்ததும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஹோமப் புகையில் கண் சிவந்திருக்கும், பசி வேறு. முந்தின நாள் மாலை நாலரை மணிக்கு மேல், திண்ணையிலோ மர நிழலிலோ எடுத்துவிடுங்கள். உச்சி வெயிலில் கண்குழியெல்லாம் கறுத்துவிடும்.

யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுவாரே என்ற கவலைக்குக் கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும் அதைப் போட்டுக்காட்டி 2006இல் இக்நோபல் பரிசு (முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது) வாங்கினார்கள். 20 பேருக்குக் குறைவான கூட்டமென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் இரண்டால். அத்தனை படங்கள் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோருடைய கண்ணும் திறந்திருக்கும். உங்களுக்கு ஆறு, விளக்கு வெளிச்சமென்றால் ஒன்பது.

கேள்வி: மூன்று வயது மகன் கேமராவைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான். என்ன செய்யலாம்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: பார்க்காவிட்டால் போகட்டும், தம்பி. நாலு திசையிலிருந்து நாலு பேர் "இங்கே பார், காக்கா பார்" என்று கத்தினால் குழந்தை எங்கேதான் பார்க்கும்? கூப்பிடுவது ஒரே ஒருவராக, லென்ஸுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். அதைவிட நல்ல வழி, "தாத்தா காதில் ஒரு ரகசியம் சொல்" என்று அனுப்புவது. பேரன் முகம், தாத்தா முகம் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். எடுப்பவர் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் உயரத்தில் எடுக்க வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 நொடியோ அதைவிடக் குறைவோ இருந்தால் ஓடினாலும் அவ்வளவாகக் கலங்காது.

கேள்வி: என் மாமனார் படத்தில் சிரிக்கவே மாட்டார். "எங்கள் காலத்தில் யாரும் சிரித்ததில்லை" என்கிறார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: அவர் சொல்வது உண்மைதான், காரணத்தைத்தான் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். 1840களில் ஒரு படத்துக்குப் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியாது. ஆனால் 1880களில் உலர் தகடுகள் (வேதிப்பொருள் பூசி முன்கூட்டியே தயாரித்த கண்ணாடித் தகடுகள்) பரவியதும், வெளிச்சமிருந்தால் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே போதும் என்றாகிவிட்டது. உங்கள் மாமனாரின் இளமைக் காலத்தில் பெரியவர்கள் சிரிக்காமல் உட்கார்ந்தது கேமராவால் அல்ல, மரியாதை கருதி. அந்த முகத்தில் ஒரு கம்பீரம் உண்டு. எனக்கு மிகவும் பிடிக்கும்.

"சீஸ்" சொல்லச் சொல்லி அவரை வதைக்காதீர்கள். வாய் நீளும், கண் சிரிக்காது. கண்ணைச் சுற்றியுள்ள தசை நம் விருப்பத்துக்குச் சுருங்குவதில்லை என்று துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே எழுதிவிட்டார். சம்பந்தி சீட்டாட்டத்தில் தோற்ற கதையை யாராவது அவரிடம் கேட்கட்டும். சொல்லி முடித்த மறு நொடியில் எடுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் எடுக்கும் குடும்பப் படங்களில் நான் மட்டும் குண்டாகத் தெரிகிறேனே?
– வாசகி, ஈரோடு

பதில்: ஓரத்தில் நிற்கிறீர்கள் போலிருக்கிறது. கைப்பேசியின் அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பவரை அகலவாக்கில் இழுத்துக் காட்டும். எடுப்பவர் நாலடி பின்னால் போய், 2 மடங்கு ஜூமில் எடுக்கட்டும். நீங்கள் நடுவுக்கு வந்துவிடுங்கள். ஓரத்துக்கு ஒல்லியான மாப்பிள்ளைகளை அனுப்புங்கள், அவர்களுக்கு லாபம்தான்.