மார்க் போடாமல் எழுதச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பதின்பருவப் பிள்ளைகளின் வாசிப்பை முனைவர் பட்டத்துக்கு எடுக்க ஆசை. துறையில் சொன்னால், “அது பி.எட். ஆளுக வேலைங்க, நமக்கெதுக்கு?” என்கிறார்கள். இதை மட்டும் வைத்து ஒரு ஆங்கிலப் பேராசிரியர் காலம் தள்ள முடியுமா? எங்கே தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தள்ளியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆங்கில ஆசிரியர் மன்றத்துக்குள்ளேயே பதின்பருவ இலக்கியத்துக்கென்று 1973இல் தனி அமைப்பு உண்டாயிற்று. உங்களுக்கு உடனே உதவக்கூடியவர் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் கார்ல்சன். தன் வகுப்புக்கு வந்தவர்களிடம் “நீங்கள் படிக்கத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை என்னென்ன படித்தீர்கள்?” என்று வாசிப்பு வரலாறு எழுதி வாங்கினார். பல்லாண்டுகள் சேர்ந்த அந்தத் தாள்களிலிருந்து ஆன் ஷெரிலுடன் சேர்ந்து 1988இல் ஒரு நூலே கொண்டுவந்தார். செலவு, தாள் மட்டும்.

உங்கள் முதலாண்டு பி.ஏ. வகுப்பிலேயே இதைச் செய்யலாம். ஒரு மணி நேரம், ஆளுக்கு இரண்டு ஏ4 தாள், தமிழிலேயே எழுதட்டும். ஆங்கிலத்தில் கேட்டால் இலக்கணப் பயத்தில் நாலு வரியோடு நின்றுவிடும். பெயர் வேண்டாம், மார்க் வேண்டாம். மார்க் என்றதும் அத்தனை பேரும் திருக்குறளும் அப்துல் கலாமும் படித்தவர்களாகிவிடுவார்கள்.

கேள்வியில் ‘புத்தகம்’ என்ற சொல்லையே தவிருங்கள். “புக்கெல்லாம் படிச்சதில்லீங்க” என்று பேனாவை மூடிவிடுவார்கள். பஜ்ஜி மடித்த தாள், வெள்ளிக்கிழமை சிறுவர் மலர், அப்புச்சி வீட்டுப் பரணில் கிடந்த ராணி காமிக்ஸ், போனில் படிக்கும் தொடர்கதை, எல்லாம் கணக்கில் சேரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தாளையும் வயது, என்ன படித்தது, யார் கொடுத்தது, எங்கே உட்கார்ந்து படித்தது, ஏன் நின்றது என்று அட்டவணை போட்டு ஐந்து பத்தியில் பிரியுங்கள். நான் முதலில் பார்ப்பது கடைசிப் பத்தியைத்தான். பரீட்சையா, போனா, விடுமுறையில் பனியன் கம்பெனி வேலையா என்பது அங்கேதான் தெரியவரும். ஆனால் நினைவு ஏமாற்றும். பத்தொன்பது வயதில் எழுதுகிறவர் பத்து வயதை இன்றைய கண்ணால்தான் பார்ப்பார். அதனால் பள்ளிக்கும் போயாக வேண்டும்.

போகுமுன் அமெரிக்கப் பேராசிரியை லூயிஸ் ரோசன்பிளாட்டைப் படித்துவிடுங்கள். 1938இலேயே, வாசகனும் பிரதியும் சந்திக்கும்போதுதான் இலக்கியம் நிகழ்கிறது என்று எழுதியவர். பிற்பாடு வாசிப்பை இரண்டாகப் பிரித்தார். குழந்தை விஷத்தைக் குடித்துவிட்டது, தாய் பாட்டிலின் லேபிளைப் படிக்கிறாள். அவளுக்கு வேண்டியது முறிமருந்தின் பெயர் ஒன்றே. இது ஒரு வகை. படித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதற்குள் வாழ்வது மற்றொன்று. நம் வினாத்தாள் கதையையும் பூச்சிமருந்து லேபிள் மாதிரியே படிக்கச் சொல்கிறது.

பள்ளியில் பிள்ளைகளே புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் படிக்கட்டும், நீங்கள் கவனியுங்கள். 40 பேர் வகுப்பென்றால் 60 புத்தகமாவது வேண்டும். நாற்பதே இருந்தால் கடைசியாக வருகிறவனுக்கு மிச்சம்தான், தேர்ந்தெடுக்க வழியில்லை. பாதி, 32 பக்கத்துக்குள் இருக்கட்டும். 2023இல் வந்த அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்தவை. பள்ளியில் இருந்தால் அவற்றிலேயே தொடங்கலாம். பல இடங்களில் அவை பீரோவுக்குள் இருக்கும். ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள், தொலைந்தால் கைக்காசு கட்ட வேண்டுமே என்ற பயம். ஒரு நோட்டில் மாணவரையே எழுதி எடுக்க விடுங்கள், கிழிந்ததை விசாரிக்காதீர்கள்.

சுருக்கம் எழுதச் சொல்லவே கூடாது. பின்னட்டையைப் பார்த்து எழுதிவிடுவார்கள். “எந்தப் பக்கத்துல நிறுத்துனே கண்ணு?” என்று கேட்டு, பக்க எண்ணையும் அவன் சொன்ன காரணத்தையும் அவன் வாக்கிலேயே குறியுங்கள். “அந்தப் பையன் ஊரைவிட்டுப் போறான்னு தெரிஞ்சுதுங்க, அதான் வெச்சுட்டேன்” என்று ஒருவன் சொன்னால், ‘ஆர்வமின்மை’ என்று குறித்துக்கொண்டு வராதீர்கள். அது ரோசன்பிளாட் சொன்ன இரண்டாம் வகை வாசிப்பு.

ஆய்வுத் தலைப்பை “தேர்ந்தெடுத்த நாவல்களில் பதின்பருவச் சிக்கல்கள்” என்று மாற்றச் சொல்லி நெறியாளர் நெருக்குவார். மாற்றினால் பிள்ளைகள் வெளியே போய்விடுவார்கள், நாவல்கள் மட்டும் மிஞ்சும். கோட்பாட்டுக்கு ஒரு இயலை ஒதுக்கிச் சமாளியுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துமூல அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். ஜூன் மாதமே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்பை யாரும் தர மாட்டார்கள், எட்டாம் வகுப்பைக் கேளுங்கள்.